லோரெட்டா வாங்கிய சக்கரங்கள்

சக்கரம் வாங்க எலாடியோவின் கடைக்குள் நுழைந்தபோது லோரெட்டாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கறுப்பாக இருக்க வேண்டும். கணவன் வெர்லினின் வெள்ளை பிக்கப் வண்டிக்குக் கறுப்புச் சக்கரம் எடுப்பாக இருக்கும். ஒருநாள் மளிகைக்கடை வாசலில் யாரோ ஒரு பையனுடைய வண்டியை வெர்லின் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதை அவள் மனதில் முடிந்து வைத்திருந்தாள். வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை அவன். இந்த மே மாதம் அவனுக்கு அறுபது. வரித்துறையிலிருந்து திரும்பிவந்த பணத்தை அப்படியே எடுத்துவைத்திருந்தாள். வண்டியைக் கழுவக் கொண்டுபோகிறேன் என்று அவனிடம் பொய் சொல்லிவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள்.

"கறுப்பா நாலு குடுங்க. டயரோட சேத்து" என்றாள்.

எலாடியோ சிரித்தான். செயின்ட் ஜான்ஸ் என்ற அந்தச் சின்ன ஊரில் அவனிடம் டயர் மாற்றாத வண்டி குறைவு. அவனுடைய மூன்று பிள்ளைகளும் லோரெட்டா வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

"செனோரா, செருப்பு வாங்கவே கால் அளவு கேப்பாங்க."

"சக்கரம்னா வட்டமா இருந்தா போதாதா?"

"அப்படி நெனச்சு வாங்கினவங்கதான் மறுநாளே வந்து கடை வாசல்ல நின்னு என்னைத் திட்டுறாங்க."

வண்டியை ஜாக்கியில் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினான். ஆறு போல்ட். எதிரெதிர் போல்ட்டுகளுக்கு நடுவே டேப்பை வைத்து அளந்தான். நடு ஓட்டையை அளந்தான். "இது அச்சுல கச்சிதமா உக்காரணும். லூசா இருந்தா ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கும்" என்றான். பிறகு கையை உள்ளே விட்டு பிரேக்குக்கும் ரிம்முக்கும் நடுவே விரல்களால் அளவு பார்த்தான். "சக்கரம் ரொம்ப உள்ள உக்காந்தா இதுல இடிக்கும். ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டிருந்தா கதவெல்லாம் சேறு. வண்டியை ஒடிச்சுத் திருப்பினா டயர் மட்கார்டைத் தின்னும்."

சுவரில் மாட்டியிருந்த சக்கரங்களில் நாலைந்தைப் பொருந்தாதென்று அவனே ஒதுக்கிவிட்டான். மிச்சமிருந்ததில் ஒன்று லோரெட்டாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மங்கிய கறுப்பு, எட்டு ஆரக்கால், இப்போது இருப்பதைவிட உயரம். அதற்கேற்ற டயரையும் எலாடியோ உருட்டிக்கொண்டு வந்தான். உயரமான ரிம்முக்கு மெல்லிய டயர். வண்டியே இளமையாகிவிடும் என்று லோரெட்டாவுக்குத் தோன்றியது.

"பாரம் ஏத்துவாரா?" என்று கேட்டான் எலாடியோ.

"பாரமா? நான், நாய், மளிகைச் சாமான். எங்க மூணு பேர்ல கனமானது எதுன்னு மட்டும் கேக்காதீங்க."

"ட்ரெய்லர் இழுப்பாரா?"

"படகை எப்பவோ வித்தாச்சு."

எலாடியோ கழற்றிவைத்த பழைய டயரைக் காலால் தட்டினான். "அப்ப எதுக்கு பத்து ப்ளை டயர், பத்து அடுக்கு ரப்பர், போட்டிருக்கார்? இது சுமை தூக்குறவன் டயர். இப்ப நீங்க எடுக்கிறது அந்த வேலைக்கு ஆகாது. பாக்க லட்சணமா இருக்கும், ரோட்டுல பூ மாதிரி போகும், அவ்வளவுதான்."

"அவன் எதையும் தேவைக்கு ஒரு படி மேலதான் வாங்குவான். மழையே பெய்யாத ஊர்ல ரெண்டு குடை வச்சிருக்கான்."

"நிச்சயமா?"

"என் புருஷன் வண்டில என்ன ஏத்துறான்னு எனக்குத் தெரியாதா?"

அதற்குமேல் எலாடியோ கேட்கவில்லை. பழைய நாலையும் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொண்டான்.

வண்டியை அவள் இருட்டியபின்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள், பிறந்தநாளன்று காலை, காபிக் கோப்பையோடு வெளியே வந்த வெர்லின் படியிலேயே நின்றுவிட்டான். லோரெட்டா கதவுக்குப் பின்னாலிருந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்சக்கரத்தின் அருகே முழங்கால் சொடுக்கக் குந்தினான். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த எழுத்துகளின்மேல் கட்டைவிரலை ஓட்டினான். குருடன் ஒருவன் ஒருத்தரின் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல அத்தனை நேரம் தடவினான்.

"பிடிக்கலையா?"

"ரொம்ப அழகா இருக்கு, லோரி."

"அப்புறம் ஏன் கல்யாண வீட்டுல செருப்பைத் தொலைச்சவன் மாதிரி உக்காந்திருக்க?"

அவன் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டான். கொஞ்சம் கழித்துக் கேட்டான்: "பழைய சக்கரம் எங்க?"

"எலாடியோகிட்ட குடுத்துட்டேன். அது எதுக்கு இனிமே?"

"சும்மாதான் கேட்டேன்."

அவர்களுக்குள் பேசக்கூடாத பேச்சு ஒன்று இருந்தது. வெர்லினின் முதல் தாரத்து மகன் கோல்பி. லோரெட்டாவின் அம்மா புற்றுநோயோடு இந்த வீட்டின் பின்னறையில் கிடந்தபோது, அவளுக்கென்று கொடுத்திருந்த வலி மாத்திரைகளைக் கோல்பி திருடினான். ஒருமுறை அல்ல. புட்டியில் அதே நிறத்தில் வேறு மாத்திரையைப் போட்டுவைத்தான். மாத்திரை கொடுத்தும் அம்மா ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று லோரெட்டாவுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது அம்மாவுக்குக் கத்தவும் திராணி இல்லை. அடக்கம் முடிந்த அன்று லோரெட்டா கணவனிடம் சொன்னாள்: "ஒண்ணு அவன், இல்ல நான்." அவன் அவளைத் தேர்ந்தெடுத்தான். அந்தப் பெயரே அதற்குப்பின் அந்த வீட்டில் ஒலிக்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று அவள் கேட்டதுமில்லை.

அந்தக் கோடையிலும் வழக்கம்போலச் சனிக்கிழமைதோறும் வெர்லின் வேலைக்குப் போனான். சாலைத் துறையில் கிரேடர் ஓட்டுபவன் அவன். காட்டுப் பாதைகளைச் சமன்செய்கிற வேலை குவிந்து கிடக்கிறது, ஓவர்டைம் என்றான். கிளம்புமுன் நாலு டயரிலும் காற்றை அளந்து பார்ப்பான். குனிந்து குனிந்து, ரப்பரைக் கையால் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பான். திரும்பி வந்ததும் மறுபடி பார்ப்பான். அதைச் சன்னலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் லோரெட்டாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "ஒரு பொருளைக் குடுத்தா இப்படிப் பொன்னைப் போலக் காப்பாத்தணும்" என்று தன் தங்கையிடம் போனில் பெருமையடித்தாள்.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கூரைமேல் இருந்த குளிரூட்டி நின்றுபோனது. காலையிலேயே வீடு அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. கிளம்பிக்கொண்டிருந்த வெர்லினைப் பார்த்து அவள் கத்தினாள்: "மத்தியானத்துக்குள்ள வந்து சேரு. இல்லேன்னா ராத்திரி நாயோட படுத்துக்க!"

"வந்துடுறேன், வந்துடுறேன்."

மதியம் தாண்டியது. அவளே ஏணி வைத்து ஏறி, குளிரூட்டிக்குள் நீரில் ஊறிக் காற்றைக் குளிர்விக்கிற, உப்புப் படிந்த பழைய வைக்கோல் தட்டிகளை உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஷெரிஃப் துறையின் போலீஸ் வண்டி வந்து நின்றது. இறங்கியவள் இளம் பெண். பெயர் டானெட். சின்ன வயதில் லோரெட்டாவிடம் இரண்டாம் தடவை பீன்ஸ் கேட்டு வாங்கித் தின்றவள்.

"கொஞ்சம் கீழ எறங்கி வாங்க, மிஸஸ் டென்னி."

"வேலையா இருக்கேன், கண்ணு. அங்கேயே சொல்லு."

"கீழ வாங்க. ப்ளீஸ்."

லோரெட்டா இறங்கினாள். பக்கத்து ஊரான கான்ச்சோவுக்குப் போகிற வழியில், ஓர் இறக்கத்தில் ஒரு பிக்கப் கவிழ்ந்துவிட்டது என்றாள் டானெட். பின்பக்கத்தில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் இருந்தது. டயர் வெடித்ததும் வண்டி நிலைகொள்ளாமல்…

"தண்ணி டேங்கா?" லோரெட்டா குறுக்கிட்டாள். அவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப அது எங்க வண்டி இல்ல. எங்ககிட்ட டேங்கே கிடையாது. அவன் காட்டுல கிரேடர் ஓட்டிட்டிருக்கான். நீ வேற யார் வீட்டுக்கோ போக வேண்டியவ இங்க வந்துட்ட."

டானெட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வெள்ளை வண்டி. கறுப்புச் சக்கரம், எட்டு ஆரக்கால். நாலுல மூணு அப்படியே இருக்கு."

"வெள்ளை வண்டி ஊர்ல நெறைய இருக்கு."

"நான் அவரைப் பாத்தேன், மிஸஸ் டென்னி. எனக்கு அவரைத் தெரியாதா?"

லோரெட்டா தரையில் கிடந்த தட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள். டானெட் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. திருச்சபைப் பெண்கள் பன்றித்தொடையும் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கும் சுமந்துவந்து சமையலறையை நிரப்பினார்கள். இடுகாட்டில் பெட்டியை இறக்கும்போது தலைநிமிர்ந்த லோரெட்டா, தொலைவில் கம்பிவேலிக்கு அப்பால் ஒருவன் நிற்பதைக் கண்டாள். தோளில் ஒரு பெண் குழந்தை. குழந்தை அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் இளைத்திருந்தான். ஆனாலும் அந்த நிற்கும் வாகு வெர்லினுடையதேதான்.

பக்கத்தில் நின்ற தங்கையின் காதில் சொன்னாள்: "அவனைப் போகச் சொல்லு."

"லோரெட்டா, அவனுக்கும் அப்பன்தானே…"

"போகச் சொல்லு."

யாரோ போய்ச் சொன்னார்கள். அவன் எதிர்த்துப் பேசவில்லை. குழந்தையை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டு மண்பாதையில் நடந்து போனான். அவனுக்கு வண்டிகூட இல்லை என்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

மறுவாரம் அவள் எலாடியோவின் கடைக்குப் போனாள். உள்ளே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"என்ன டயரை என் தலைல கட்டுன? ஒரு கோடைகூடத் தாங்கல. என் புருஷனைக் கொன்னுட்ட!"

எலாடியோ கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். காத்திருந்தவர்களைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய இருங்கப்பா" என்றான். அவர்கள் போனதும் கதவைச் சாத்தினான்.

"நான் உங்களைக் கேட்டேன், செனோரா. ரெண்டு தடவை கேட்டேன்."

அவளுக்கு அது தெரியும். தெரிந்தேதான் கத்தினாள்.

"அவன் தண்ணி ஏத்துறான்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"அப்பத் தெரியாது. பிறந்தநாள் முடிஞ்ச அடுத்த வாரம் அவரே வந்தார். இந்த ரிம்முக்கு பத்து ப்ளை டயர் போட முடியுமான்னு கேட்டார். டயர் வேணும்னா தேடித் தரலாம், ஆனா இந்த ரிம்மே அந்த எடைக்குச் செஞ்சது இல்லைன்னேன். எவ்வளவு எடைன்னு கேட்டப்பதான் டேங்கைப் பத்திச் சொன்னார். பழசு நாலும் இங்கதான் கெடக்கு, இப்பவே மாட்டித் தர்றேன், ஒரு காசு வேணாம்னேன்."

"அப்புறம்?"

"'ஏன் கழட்டினேன்னு அவ கேப்பாளே'ன்னார்."

லோரெட்டா அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை மட்டும் மாட்டிக் கழட்டித் தர்றேன்னுகூடச் சொன்னேன். சிரிச்சார். பாதி டேங்க்தான் ஏத்துவேன், ரெண்டு நடை போவேன், மெதுவாப் போவேன்னார். யாருக்குத் தண்ணின்னு நான் கேக்கல. யாருக்குன்னு ஊருக்கே தெரியும், உங்களைத் தவிர."

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அது உங்க வீட்டு விஷயம். நான் டயர் விக்கிறவன்." கீழே வைத்த துணியை மறுபடி எடுத்தான். "தெனம் அதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். சொல்லியிருக்கலாம்."

அவளுக்கு அவனைத் திட்ட வேண்டும்போல இருந்தது. அவன் தோளில் சாய்ந்து அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து வந்துவிட்டாள்.

கோல்பி இருக்கும் இடத்தை டானெட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கான்ச்சோவுக்கு வடக்கே, தண்ணீரும் மின்சாரமும் இல்லாததால் மலிவாக விற்கிற பொட்டல் நிலம். அவளுடைய சின்னக் காரின் அடிவயிற்றில் கல் இடிக்க இடிக்கப் போய்ச் சேர்ந்தாள். பழைய ட்ரெய்லர் வீடு ஒன்று. அதன் நிழலில் நீல பீப்பாய்கள் வரிசையாக நின்றன. கார்ச் சத்தம் கேட்டுக் கோல்பி வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் அவள் கண்ணில் படும்படி தொங்கவிட்டு நின்றான். அவள் துப்பாக்கி கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்தவன்போல.

"உள்ள வாங்க."

"வரல. கேக்க வந்ததைக் கேட்டுட்டுப் போறேன். எவ்வளவு நாளா அவன் இங்க தண்ணி கொண்டுவந்தான்?"

"குழந்தை பொறந்ததிலேர்ந்து. எங்கிட்ட வண்டி கெடையாது. கிணறு போடுற வக்கும் இல்ல. அப்பாதான் டேங்கைச் சாலைத் துறை யார்டுல வச்சிருந்து, டவுன்ல நெரப்பிக்கிட்டு வருவார்."

"அந்த டயர் தாங்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொன்னேன். 'லோரி ஆசையா வாங்கிக் குடுத்தது'ன்னார்."

"பாதிதான் ஏத்துறதா எலாடியோகிட்ட சொல்லியிருக்கான்."

"எப்பவும் பாதிதான். ரெண்டு நடை வருவார்." கோல்பி தரையைப் பார்த்தான். "அன்னிக்கி மட்டும் காலைல போன் பண்ணார். ரெண்டாவது நடைக்கு நேரமில்ல, மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயே ஆகணும், முழுசா ஏத்திக்கிட்டு வர்றேன்னார். நான் சரின்னுட்டேன்."

அன்று காலை அடுப்பாய்க் கொதித்த வீட்டிலிருந்து தான் கத்தியது லோரெட்டாவின் காதில் மறுபடி கேட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் வரச்சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பது அவன் முகத்தில் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

"மாத்திரை?" என்று கேட்டாள்.

"விட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க நம்ப வேணாம்."

"நம்பல. விட்டவன் ஒரு தடவையாவது என் முன்னால வந்து நின்னியா? எங்கம்மா எப்படிச் செத்தான்னு உனக்குத் தெரியுமில்ல?"

"வரணும்னு சொன்னேன். ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. அப்பாதான் தடுத்தார். 'அவ உன்னைப் பாத்தா அப்படியே ஒடைஞ்சு போயிடுவா, இருக்கிறபடியே இருக்கட்டும்'னார்."

அதைக் கேட்டபோதுதான் அவளுக்கு வெர்லின்மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய், நடுவில் தான் மட்டும் நிம்மதியாகக் காபி குடித்தான். செத்தவனைத் திட்ட முடியவில்லை. எதிரே நிற்பவனை மன்னிக்கவும் முடியவில்லை. அம்மாவின் அந்தக் கத்தல் இன்னும் பின்னறையில்தான் இருந்தது.

உள்ளிருந்து அதன் அம்மா கூப்பிட்டும் கேளாமல், ட்ரெய்லர் வாசலில் அந்தக் குழந்தை வந்து நின்று எட்டிப் பார்த்தது. கையில் ஒரு ஈரத்துணி. அதை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பீப்பாய்ல தண்ணி இருக்கா?" என்று லோரெட்டா கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கு. பக்கத்து ஆள் ஒருத்தர் அப்பப்ப கொண்டுவர்றார்."

அவள் வேறெதுவும் பேசாமல் காரில் ஏறினாள். கோல்பி பின்னாலிருந்து, "நான் செஞ்சதுக்கு…" என்று ஆரம்பித்தான். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் சமையலறைக்கு எண்ணெய் வருகிற பெரிய பிளாஸ்டிக் கேன்களை அவள் தூக்கி எறியாமல் சேர்த்தாள். சுடுநீரும் சோடாவும் போட்டுப் பிசுக்குப் போகத் தேய்த்தாள். சனிக்கிழமை அவற்றில் தண்ணீர் பிடித்து, காரின் பின்சீட்டிலும் டிக்கியிலும் கார் தாங்குமளவுக்கு அடுக்கிக்கொண்டு போனாள். நிலத்து வாசலில் இருந்த கம்பத்தின் ஓரம் இறக்கி வைத்தாள். ஹாரன் அடிக்கவில்லை. ட்ரெய்லர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த முறை போனபோது காலிக் கேன்கள் மூடி போட்டு அதே இடத்தில் வரிசையாக இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு நிறைந்ததை வைத்தாள். அப்படியே நடந்தது. ஒருமுறை காலிக் கேன்களோடு ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் நாலு கோழிமுட்டை இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. மறுமுறை முட்டை இல்லை.

தங்கை கேட்டாள்: "அவனை மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் போற?"

"குழந்தைக்குத் தாகம் எடுக்குமில்ல."

அது முழு உண்மையில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் வேறு சொல் லோரெட்டாவிடம் இல்லை. அந்தப் பொட்டலில் தண்ணீரை இறக்கும்போது முதுகெலும்பு விண்விண்ணென்று தெறிக்கும். அந்த வலி இருக்கிற நேரம் மட்டும்தான் வாரத்தில் அவளால் வெர்லினை நினைக்க முடிந்தது.

அக்டோபரில் முதல் குளிர் விழுந்த வாரம் அவள் போனபோது, சென்றமுறை வைத்த கேன்கள் நிறைந்தபடியே கம்பத்தடியில் நின்றன. முதல்முறையாகத் தலையைத் திருப்பி ட்ரெய்லரைப் பார்த்தாள். கதவுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தது. பீப்பாய்களைக் காணோம். குழந்தையின் அம்மாவுக்குப் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் சொந்தம், அங்கே போய்விட்டார்கள் என்று பிறகு எலாடியோ சொன்னான். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளிடம் சொல்லிக்கொண்டு போக அவர்களுக்கு என்ன இருக்கிறது? அவள் ஒரு வார்த்தை பேச இடம் கொடுத்ததில்லையே.

கொண்டுவந்த கேன்களும் பழைய கேன்களும் சேர்ந்தால் அவளுடைய கார் தாங்காது. அவள் பழையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மண்ணில் சாய்த்தாள். மண் சத்தமில்லாமல் குடித்தது. காலிக் கேன்களை டிக்கியில் போட்டு மூடிவிட்டு, கை உலரும்வரை காரில் சாய்ந்து நின்றாள். பிறகு வீட்டுக்குப் புறப்பட்டாள்.